கம்பெனி ஊஃபரை மாற்றலாமா? ஃபோர் வீல் டிரைவ் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளின் பேட்டரி, ஆல்டர்னேட்டர் பராமரிப்பைப் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை, பாஸ் எனும் தாழ்ந்த ஒலிகளைத் தருவதற்காக வண்டியோடு வந்த ஸ்பீக்கரான சப்ஊஃபரையும் (சுருக்கமாக ஊஃபர்), ஸ்பீக்கருக்குப் போகும் சிக்னலின் திறனைக் கூட்டும் ஆம்ப்ளிஃபயரையும் (சுருக்கமாக ஆம்ப்) மாற்றுவதைப் பற்றியே இருந்தன. ஆகவே இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஹார்மன் கார்டன் ஒலியமைப்போடு வந்த மஹிந்திரா தார் ராக்ஸ் வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறையாவது வால்பாறைக்குப் போய் வருகிறேன். வண்டி நிற்கும்போது பாஸ் நிறைவாக இருக்கிறது. ஓடத் தொடங்கியதும், அதிலும் மட் டெரெய்ன் டயர் போட்ட பிறகு, அது எங்கோ மறைந்துவிடுகிறது. 1000 வாட் ஆம்ப்பும் 12 அங்குல ஊஃபரும் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொல்கிறார். போடலாமா? – கோயம்புத்தூர் வாசகர்

பதில்: பாதிப் பதில் தங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. நிற்கும்போது நிறைவாகக் கேட்கிற பாஸ் ஓடும்போது மறைகிறது என்றால், ஊஃபரின் ஒலி குறையவில்லை, சுற்றியுள்ள இரைச்சல் கூடியிருக்கிறது என்று பொருள். சாலையின் அதிர்வு, டயரின் உறுமல், செங்குத்தான முன்கண்ணாடியில் மோதும் காற்று ஆகியவற்றின் பெரும்பகுதி தாழ்ந்த அதிர்வெண்களிலேயே எழுகிறது; ஊஃபர் பேசுகிற இடமும் அதுவே. அதனால் மற்ற ஸ்பீக்கர்களுக்கு முன்பாக ஊஃபர்தான் அந்த இரைச்சலில் மூழ்கிப்போகிறது. கதவுகளின் உட்தகட்டிலும் பின் சக்கர வளைவுகளிலும் பியூட்டைல் டேம்பிங் ஷீட் ஒட்டுவதும், பின்கதவின் ரப்பர் பீடிங்கைச் சரிபார்ப்பதும் இந்த வேலையின் முதல் படியாக இருக்கட்டும். ஷீட் ஒட்டும்போது கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகளை மூடிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மலைப் பாதையில் மழையில் ஓடும் வண்டியின் கதவுக்குள் நீர் தேங்கினால், பாஸ் கூடுவதற்கு முன்பே துரு ஏறிவிடும்.

இனி 1000 வாட் விஷயத்துக்கு வருவோம். ஆம்ப்பின் திறனை இரண்டு மடங்காக்கினால் ஒலி அளவு 3 டெசிபல் மட்டுமே கூடும். காதுக்கு அது சற்றே உரக்கக் கேட்கும், அவ்வளவே. இரண்டு மடங்கு உரத்துக் கேட்பதாக நாம் உணர வேண்டுமானால் ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குத் திறன் பத்து மடங்காக வேண்டும். மேலும், அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் 1000 வாட் பெரும்பாலும் ஒரு கண நேர உச்சத்தைக் குறிக்குமே தவிர, தொடர்ந்து தரக்கூடிய ஆர்.எம்.எஸ். அளவைக் குறிக்காது. இதைக் கடையிலேயே சோதிக்க ஒரு வழி உண்டு. ஆம்ப்பின் பக்கவாட்டில் செருகியிருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். அது 30 ஆம்பியர் என்றால், 14.4 வோல்ட்டில் அந்த ஆம்ப் தொடர்ந்து உள்ளிழுக்கக்கூடிய மின்திறன் 432 வாட். மின்திறனை அதிகம் வீணாக்காத டி வகுப்பு ஆம்ப்புக்கு 80 விழுக்காடு செயல்திறன் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் ஊஃபருக்குப் போய்ச் சேருவது 345 வாட்தான். உள்ளே 432 வாட் மட்டுமே வாங்குகிற கருவி வெளியே 1000 வாட்டை எங்கிருந்து கொடுக்கும்?

ஆனால் நான் தங்களுக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புவது வாட்டைப் பற்றியது அல்ல, பெட்டியைப் பற்றியது. கம்பெனி பொருத்தும் ஊஃபர், அதன் பிளாஸ்டிக் பெட்டி, ஆம்ப்புக்குள் எழுதப்பட்டிருக்கும் ஈக்வலைசர் அளவுகள் (எந்த அதிர்வெண்ணைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்ற கணக்கு) ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துத் தைத்தவை. அவற்றில் ஒன்றை மட்டும் பெரிதாக்கினால் மற்ற இரண்டும் பொருந்தாமல் போகும். எடுத்துக்காட்டாக, 10 லிட்டர் கொள்ளளவுள்ள மூடிய பெட்டி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஊஃபரின் விவரத்தாளில் வி.ஏ.எஸ். (கூம்பின் தொங்கலுக்கு இணையான நெகிழ்வுள்ள காற்றின் அளவு) 20 லிட்டர், க்யூ.டி.எஸ். (அதிர்வு எவ்வளவு அடங்கும் என்பதைக் காட்டும் எண்; கூடினால் முழக்கம்) 0.45, தனி ஒத்ததிர்வு (பெட்டியில்லாமல் ஊஃபர் இயல்பாக அதிரும் அதிர்வெண்) 32 ஹெர்ட்ஸ் என்று இருந்தால், அந்தப் பெட்டிக்குள் அதன் ஒத்ததிர்வு ஏறத்தாழ 55 ஹெர்ட்ஸாகவும், மொத்த க்யூ 0.78 ஆகவும் அமையும். இது நல்ல, இறுக்கமான பாஸ். இதே பெட்டியில் வி.ஏ.எஸ். 60 லிட்டர், க்யூ.டி.எஸ். 0.5, ஒத்ததிர்வு 28 ஹெர்ட்ஸ் உள்ள 12 அங்குல ஊஃபரை எப்படியோ அடைத்துவிட்டால், ஒத்ததிர்வு 74 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும், க்யூ 1.3ஐத் தாண்டிவிடும். அப்போது எந்தப் பாட்டைப் போட்டாலும் ஊஃபர் ஒரே சுருதியில் 'பூம்' என்று முழங்கும். பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தியின் 41 ஹெர்ட்ஸ் இருக்கும் இடமே தெரியாது. காசு கொடுத்து வாங்கிய பெரிய ஊஃபர், சிறிய ஊஃபரை விட மோசமாகப் பாடுவதற்குக் காரணம் இதுவே.

ஆகவே முதலில் தங்கள் வண்டியின் பெட்டியை அளந்துகொள்ளுங்கள். ஊஃபரைக் கழற்றியபின் பெட்டிக்குள் மெல்லிய பாலித்தீன் பையை விரித்து, அதில் அரிசியை நிரப்பி, பிறகு அந்த அரிசியை லிட்டர் படியால் அளந்தால் கொள்ளளவு கிடைத்துவிடும். அந்த அளவுக்குள் வேலை செய்யும்படி வடிவமைத்த, ஆழம் குறைந்த 8 அல்லது 10 அங்குல ஊஃபர்கள் கிடைக்கின்றன. பழைய பெட்டி மிகவும் சிறியதாக இருந்தால், பின்பகுதியின் ஓரத்தில் பொருந்தும்படி 15 முதல் 20 லிட்டர் கொள்ளளவில் ஒரு மூடிய பெட்டியைத் தனியாகச் செய்துகொள்ளலாம். இதற்கு 250 அல்லது 300 வாட் ஆர்.எம்.எஸ். தரும் ஒற்றைச் சேனல் ஆம்ப் தாராளமாகப் போதும்.

கடைசியாக, சிக்னலை எங்கிருந்து எடுப்பது என்பதையும் கடைக்காரரிடம் கேளுங்கள். தனி ஆம்ப்போடு வரும் இன்றைய வண்டிகள் பலவற்றில், திரையிலிருந்து ஆம்ப்புக்கு ஒலி எண்மவடிவில் டேட்டா வயர் வழியாகப் போகிறது. அதை வெட்டி ஒட்ட முடியாது. 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, ஆம்ப்புக்குள் போகும் வயர்களை மல்டிமீட்டரின் ஏ.சி. அளவில் தொட்டுப் பாருங்கள். வால்யூமைக் கூட்டும்போது வோல்டேஜும் கூடினால் அது சாதாரண சிக்னல். கூடவில்லை என்றால் கம்பெனி ஆம்ப்பின் வெளியீட்டிலிருந்துதான் சிக்னலை எடுக்க வேண்டும். கம்பெனி ஆம்ப்புகள் பல, வால்யூம் கூடும்போது சிறிய ஊஃபரைக் காப்பாற்றுவதற்காகப் பாஸைத் தாமாகவே குறைத்துவிடும். அந்த வெட்டுப்பட்ட சிக்னலை அப்படியே புதிய ஆம்ப்புக்குக் கொடுத்தால், எத்தனை வாட் இருந்தும் நெடுஞ்சாலை வேகத்தில் பாஸ் மறையத்தான் செய்யும். ஆகவே, ஒலியை எண்முறையில் திருத்தி, இழந்த பாஸை மீட்டுத் தரும் டி.எஸ்.பி. கருவி ஒன்றை நடுவில் வைப்பதற்குப் பட்ஜெட்டில் இடம் ஒதுக்குங்கள். 12 அங்குல ஊஃபருக்கென்று எடுத்துவைத்த பணத்தில் அந்தக் கருவியே நல்ல முதலீடு என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: 2020இல் வந்த தார், மேல்துணி கழற்றக்கூடிய மாடல். இதில் கம்பெனி சப்ஊஃபர் கிடையாது. ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் ஆம்ப்பும், பின்னால் எம்.டி.எஃப். பலகைப் பெட்டியில் ஊஃபரும் வைத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். மேகமலைப் பக்கம் ஓடைகளைக் கடந்து போகும் வழக்கம் உண்டு. ஏதேனும் கவனிக்க வேண்டுமா? – தேனி வாசகர்

பதில்: இரண்டு யோசனைகளையும் தயவுசெய்து ஏற்காதீர்கள். தங்கள் வண்டியின் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவலாம். அந்த நீர் வெளியேறுவதற்கென்றே அடியில் வடிகால் மூடிகள் கொடுத்திருக்கிறார்கள். 650 மில்லிமீட்டர் ஆழம் வரை நீரைக் கடக்கலாம் என்று நிறுவனமே அறிவித்திருக்கிறது. நீர் வந்து போவதை எதிர்பார்த்து அமைத்த தரையில், 12 வோல்ட்டில் பல பத்து ஆம்பியர் இழுக்கும் கருவியைப் படுக்கவைப்பது, முற்றத்து வாய்க்காலில் ஸ்விட்ச் போர்டு மாட்டுவதற்கு ஒப்பாகும். பின்பக்கச் சுவரில், சக்கர வளைவுக்கு மேலே, கனெக்ஷன்கள் கீழ்நோக்கி இருக்கும்படி ஆம்ப்பைச் செங்குத்தாக மாட்டுங்கள். வயர் ஆம்ப்புக்குள் நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்கி மேலேறினால், வயரின் மேல் வழிந்து வரும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

எம்.டி.எஃப். நீரைக் குடித்தால் உப்பிப் பிளந்துவிடும். இந்த வண்டிக்கு மரைன் பிளைவுட் அல்லது ஃபைபர் கிளாஸ் பெட்டிதான் ஏற்றது. ஊஃபரிலும் காகிதக் கூம்பையும் நுரை விளிம்பையும் தவிர்த்து, பாலிபுரொப்பிலீன் கூம்பும் ரப்பர் விளிம்பும் உள்ளதாகப் பார்த்து எடுங்கள். படகுகளுக்கென்று செய்த மரைன் வகை ஊஃபர்களும் ஆம்ப்புகளும் விலை சற்றுக் கூடுதல்தான். ஆனால் மழையையும் வெயிலையும் நேராக வாங்கும் வண்டிக்கு அது வீண்செலவு ஆகாது.

மேல்துணியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மூடிய கேபினின் உட்புறம் ஏறத்தாழ 3 மீட்டர் நீளம் என்றால், 57 ஹெர்ட்ஸுக்குக் கீழே கேபினே ஒலியழுத்தத்தைத் தாங்கிப் பாஸைத் தூக்கிக் கொடுக்கத் தொடங்கும். கூரையைக் கழற்றியவுடன் அந்த உதவி முழுவதும் போய்விடுகிறது. கூரையோடு கேட்டு அமைத்த அளவுகள் கூரையில்லாமல் மெலிந்து ஒலிப்பதற்குக் காரணம் இதுதான். ஊஃபர் கெட்டுவிட்டதாக எண்ண வேண்டியதில்லை. டி.எஸ்.பி. கருவியில் கூரை உள்ளபோது ஒன்று, இல்லாதபோது ஒன்று என்று இரண்டு அமைப்புகளைச் சேமித்து வைத்துக்கொள்ளலாம்.

பெட்டியைப் பொருத்தும் முறை உயிர் சம்பந்தப்பட்டது. ஊஃபரோடு சேர்த்து 15, 20 கிலோ எடை வரும் பெட்டி, வண்டி சாய்ந்தாலோ உருண்டாலோ பயணிகளின் தலையை நோக்கித்தான் பறக்கும். பிளாஸ்டிக் கிளிப்பும் வெல்க்ரோவும் போதவே போதாது. அடியில் அகலமான வாஷர் கொடுத்து, குலுக்கலில் கழலாத நைலாக் நட் போட்டு, குறைந்தது நான்கு போல்ட்டுகளால் பாடியோடு முடுக்க வேண்டும். துளை போடும் முன் அடியில் பிரேக் குழாயோ டீசல் குழாயோ போகிறதா என்று வண்டிக்குக் கீழே படுத்துப் பார்த்துவிடுங்கள்.

வயரைப் பற்றி என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் என் பழைய ஜீப்பில் ஒரு கடையில் ஆம்ப் பொருத்தினேன். எஞ்சின் அறைக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகட்டில் புதிதாகத் துளை போட்டு, துளையின் விளிம்பை மூடும் ரப்பர் கிராமெட் வைக்காமல், பேட்டரி வயரை அப்படியே நுழைத்திருந்தார்கள். ஃபியூஸையும் பேட்டரியிடம் வைக்காமல் ஆம்ப்பிடம் வைத்திருந்தார்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டியிருப்பேன். ரப்பர் எரியும் வாடை வந்தது, டேஷ்போர்டின் கீழிருந்து புகை எழுந்தது. தகட்டின் கூர்விளிம்பு மாதக்கணக்கான குலுக்கலில் வயரின் உறையை அறுத்து, பேட்டரியை நேராகப் பாடியோடு இணைத்துவிட்டிருந்தது. என்னிடம் 10 மில்லிமீட்டர் ஸ்பேனர் இருந்ததால் பேட்டரி முனையைக் கழற்ற முடிந்தது. அந்த ஸ்பேனர் இல்லாதிருந்தால் வண்டி மிஞ்சியிருக்காது. அன்றிலிருந்து எவர் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்: பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும், தகட்டைக் கடக்கும் ஒவ்வோர் இடத்திலும் கிராமெட் இருக்க வேண்டும், ஒவ்வொரு அடி நீளத்துக்கும் ஒரு கிளாம்ப் இருக்க வேண்டும். கரடுமுரடான பாதையில் ஓடாத வண்டியில் இவற்றில் ஒன்று குறைந்தாலும் சில ஆண்டுகள் தள்ளலாம். நம் வண்டிகளில் தள்ள முடியாது.

கேள்வி: ஆல்பைன் ஒலியமைப்போடு வந்த ஜீப் ரேங்ளர் வைத்திருக்கிறேன். பின்னால் உள்ள சப்ஊஃபரை மட்டும் வெளியில் வாங்கிய நல்ல 4 ஓம் ஊஃபராக மாற்றினேன். முன்பிருந்ததை விடச் சத்தம் குறைந்துவிட்டது. ஏன்? மணல்மேடுகளில் ஓட்டுவதால் தூசி வேறு பெரிய தொல்லையாக இருக்கிறது. – துபாய் வாசகர்

பதில்: இந்தத் தலைமுறை ரேங்ளரின் ஆல்பைன் அமைப்பில் 552 வாட் ஆம்ப்பும், எல்லாப் பருவநிலைக்கும் ஏற்ற சப்ஊஃபர் உட்பட ஒன்பது ஸ்பீக்கர்களும் இருக்கின்றன. அந்த 552 வாட் ஒன்பது ஸ்பீக்கர்களுக்கும் பகிர்ந்து போகிறது என்பதை மறக்கக் கூடாது. கம்பெனி ஊஃபர்கள் பலவும் 2 ஓம் அல்லது அதற்கும் குறைந்த மின்தடையில் செய்யப்படுகின்றன. சிலவற்றில் கூம்பை அசைக்கும் காயில்கள் இரண்டு இருக்கும். 2 ஓம் ஊஃபர் இருந்த இடத்தில் 4 ஓம் ஊஃபரை வைத்தால், அதே வோல்டேஜில் திறன் பாதியாகிவிடும். அதாவது 3 டெசிபலைத் தாங்களே இழந்துவிட்டீர்கள். புதிய ஊஃபரின் உணர்திறனும் பழையதை விடக் குறைவாக இருந்தால் இழப்பு இன்னும் கூடும். கழற்றிய பழைய ஊஃபரின் முனைகளை மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். மீட்டர் காட்டும் நேர்மின்தடை, பெயரளவு ஓமை விடச் சற்றுக் குறைவாகவே இருக்கும்: 1.6, 1.8 என்று காட்டினால் அது 2 ஓம் ஊஃபர், 3.4 அளவில் காட்டினால் 4 ஓம் ஊஃபர். காயில் இரண்டு இருந்தால் இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும்.

இதற்கு வழி இரண்டு. பழைய மின்தடைக்கு இணையான ஊஃபரை வாங்கிக் கம்பெனி ஆம்ப்போடு நிறுத்திக்கொள்ளலாம். அல்லது இப்போது வாங்கியதை வைத்துக்கொண்டு அதற்கென்று தனி ஆம்ப் ஒன்றைச் சேர்க்கலாம். தாங்கள் நல்ல ஊஃபரை ஏற்கெனவே வாங்கிவிட்டதால் இரண்டாவது வழியைச் சொல்வேன். மின்தடையைக் குறைப்பதற்காக இரண்டு ஊஃபர்களைக் கம்பெனி ஆம்ப்பில் இணைப்பதை மட்டும் செய்யாதீர்கள். ஆம்ப் சூடேறி அணைந்து அணைந்து எழும், ஒருநாள் எழாமலே போகும்.

பாலைவனத்தில் ஆம்ப்புக்கு இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று வெப்பம். கோடை நண்பகலில் பூட்டி நிறுத்திய வண்டிக்குள் நுழைந்தவுடன் முழு வால்யூமில் பாட வைத்தால், ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும் ஆம்ப் சில நிமிடங்களில் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். ஏ.சி. ஓடிக் கேபின் குளிரும் வரை பொறுத்திருங்கள். மற்றொன்று நுண்மணல். விசிறி உள்ள ஆம்ப், அந்த மணலைத் தானே இழுத்து உள்ளே நிரப்பிக்கொள்ளும். ஆகவே விசிறியில்லாத, அலுமினியத் துடுப்புகள் உள்ள ஆம்ப்பே அங்கு நல்லது. ஊஃபரைச் சுற்றியுள்ள நுரை வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த இடைவெளியில் மணல் நுழைந்து காயில் ஓடும் சந்தில் சேர்ந்தால், கூம்பை விரலால் மெல்ல அழுத்தும்போதே 'கரகர'வென்று உரசும் ஒலி கேட்கும். அந்த நிலைக்கு வந்த ஊஃபரைப் பெரும்பாலும் காப்பாற்ற முடியாது.

கேள்வி: மஹிந்திரா ஸ்கார்ப்பியோ-என் வண்டியில் கூடுதல் ஆம்ப் பொருத்திய நாளிலிருந்து ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் ஸ்பீக்கரில் 'ஙொய்ங்' என்று ஒலி ஏறி இறங்குகிறது. பாஸ் அடிக்கும்போது ஹெட்லைட்டும் மங்குகிறது. – சேலம் வாசகர்

பதில்: இவை இரண்டு தனித்தனி நோய்கள் போலத் தோன்றினாலும் பெரும்பாலும் வேர் ஒன்றே: எர்த் (ஆம்ப்பின் நெகட்டிவ் முனையை வண்டியின் பாடியோடு சேர்க்கும் இணைப்பு) சரியில்லை, வயர் மெலிந்தது. எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஒலி ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. ஆம்ப்பின் எர்த் முனை பெயின்ட்டின் மேலேயே திருகப்பட்டிருக்கலாம். அந்த இடத்தைப் பளபளக்கும் இரும்பு தெரியும்வரை சுரண்டி, நட்சத்திர வாஷர் வைத்து முடுக்கி, மேலே துருத்தடுப்பு கிரீஸ் பூசுங்கள். எர்த் வயர் அரை மீட்டருக்குள் இருக்கட்டும். சிக்னல் வயரும் பேட்டரி வயரும் ஒரே பக்கமாகப் போனால் அவற்றை வண்டியின் இருபுறமாகப் பிரித்துவிடுங்கள். பாடிக்கொண்டிருக்கும்போது ஆம்ப்பின் எர்த் முனைக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள், 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எங்கோ இணைப்பு மோசம்.

வயரின் கணக்கு இது. 500 வாட் ஆர்.எம்.எஸ். ஆம்ப், 80 விழுக்காடு செயல்திறனில், 13.8 வோல்ட்டில் ஏறத்தாழ 45 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து பின்பகுதி வரை 5 மீட்டர் வயர் என்றால், 21 சதுர மில்லிமீட்டர் செப்பு வயரில் 0.2 வோல்ட்டுக்கும் குறைவாகவே இழப்பு. 8 சதுர மில்லிமீட்டர் வயரில் அது அரை வோல்ட்டை நெருங்கும். இதிலேயே செப்பு முலாம் பூசிய அலுமினிய வயர் என்றால் முக்கால் வோல்ட் வயரிலேயே கரைந்துவிடும். மலிவான வயரிங் கிட்டுகளில் பெரும்பாலும் இந்த அலுமினிய வயர்தான் வருகிறது. முனையைச் சீவிப் பார்த்தால் உள்ளே வெள்ளி நிறம் தெரியும். ஆம்ப்பில் மிச்சம் பிடிக்கலாம், வயரில் பிடிக்கக் கூடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இன்றைய வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் மின்னோட்டத்தை அளக்கும் சென்சார் ஒன்று அமர்ந்திருக்கும். ஆம்ப்பின் எர்த்தை அந்த முனையிலேயே நேராக மாட்டினால், ஆம்ப் இழுக்கும் கரண்ட் சென்சாரின் கணக்கில் வராது, ஆல்டர்னேட்டரும் அதற்கேற்ப ஈடுகொடுக்காது. எர்த்தைப் பாடியில்தான் கொடுக்க வேண்டும்.

கேள்வி: ஹெட்லைட் மங்குவதற்கு 1 ஃபாரட் கெப்பாசிட்டர் வைத்தால் சரியாகிவிடுமா? – திருநெல்வேலி வாசகர்

பதில்: ஆகாது. 14 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு இறங்கும் வரை, மின்னாற்றலைச் சேமித்துவைக்கும் அந்தக் கெப்பாசிட்டர் தரக்கூடிய ஆற்றல் 26 ஜூல் மட்டுமே; 600 வாட் இழுக்கும் ஆம்ப்புக்கு அது ஒரு நொடியின் இருபத்தைந்தில் ஒரு பங்குக்குத்தான் வரும். மேலே சேலம் வாசகருக்குச் சொன்ன வயர், எர்த் வேலைகளைச் செய்யுங்கள். பேட்டரிக்கு வயதாகியிருந்தால் அதை மாற்றுங்கள். வண்டியில் வின்ச் (சிக்கிய வண்டியைக் கம்பியால் இழுத்தெடுக்கும் மோட்டார்) இருந்தால், அதை இயக்கும்போது ஆம்ப்பை அணைத்துவிடுங்கள். பளு ஏறிய வின்ச் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும். அந்த வேளையில் பேட்டரியில் பாட்டுக்கு இடமில்லை.

கேள்வி: ஆம்ப்பில் உள்ள கெயின் குமிழை முழுவதும் திருப்பிவைத்தால்தான் முழுத் திறன் கிடைக்கும் என்கிறார்களே? எல்லாம் மாட்டிய பிறகு எப்படிச் சரிபார்ப்பது? – தஞ்சாவூர் வாசகர்

பதில்: கெயின் குமிழ் வால்யூம் அல்ல. உள்ளே வரும் சிக்னலின் அளவுக்கு ஆம்ப்பைப் பொருத்துவதே அதன் வேலை. முழுவதும் திருப்பினால் ஒலியலையின் முகடுகள் வெட்டுப்படும்; அந்த வெட்டுப்பட்ட அலைதான் ஊஃபரின் காயிலைக் கருக்குகிறது. முறை எளிது. ஊஃபரைக் கழற்றிவிட்டு, ஈக்வலைசரைச் சமமாக வைத்து, 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, வால்யூமை முழு அளவில் நான்கில் மூன்று பங்கு வையுங்கள். ஆம்ப்பின் திறனையும் ஊஃபரின் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் வரவேண்டிய வோல்டேஜ் கிடைக்கும். 300 வாட், 2 ஓம் என்றால் 24.5 வோல்ட். மல்டிமீட்டர் அதைக் காட்டும் இடத்தில் கெயினை நிறுத்திவிடுங்கள். பாஸ் பூஸ்ட் குமிழைச் சுழியில் வைத்து அப்படியே மறந்துவிடுங்கள். தாழ்ந்த ஒலிகளை மட்டும் ஊஃபருக்கு விடும் லோ பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் தொடங்கலாம்.

பிறகு காதால் பார்க்க வேண்டும். ஊஃபரின் பிளஸ், மைனஸ் வயர்களை ஒருமுறை மாற்றிப் போட்டு, ஓட்டுநர் இருக்கையில் இருந்து எந்த நிலையில் பாஸ் நிறைந்து கேட்கிறதோ அந்த நிலையில் விடுங்கள். தஞ்சாவூர்க்காரரான தங்களுக்குச் சோதனைப் பதிவு ஒன்றைச் சொல்லித் தர வேண்டியதில்லை. நல்ல தவில் தனியாவர்த்தனம் ஒன்று போதும். குச்சி விழும் இடப்பக்கமான தொப்பியின் கனத்த ஒலி ஊஃபரிலும், வலந்தலையின் விரல்வெட்டு முன் ஸ்பீக்கரிலும் பிரிந்து வந்தாலும், இரண்டும் ஒரே வாத்தியமாக முன்னாலிருந்து வருவதாகக் கேட்க வேண்டும். வேகம் கூடும் இடத்தில் ஒவ்வொரு தொப்பி அடியும் அடுத்தது விழும்முன் அடங்க வேண்டும். அடங்காமல் ஒன்றோடொன்று குழைந்து 'கும்'மென்று நீண்டால், பெட்டி சிறியது அல்லது ஃபில்டர் உயரத்தில் இருக்கிறது என்று பொருள். அதை 70, 60 என்று படிப்படியாக இறக்கிப் பாருங்கள்.

கேள்வி: வாரண்டி உள்ள வண்டியில் இந்த மாற்றங்களைச் செய்யலாமா? ஒருமுறை மாற்றியபின் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியுமா? – ஓசூர் வாசகர்

பதில்: கம்பெனி வயரை வெட்டினால், மின்சாரம் தொடர்பான வாரண்டிக்குச் சிக்கல் வருவதற்கு வாய்ப்பு மிகுதி. வெட்டாமல், வண்டியின் கப்ளருக்கும் கம்பெனி ஆம்ப்புக்கும் நடுவே செருகக்கூடிய இணைப்பு ஹார்னஸ் தங்கள் மாடலுக்குக் கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள். கழற்றும்போது எல்லாம் பழையபடி ஆகிவிடும். கம்பெனி ஊஃபரையும் அதன் திருகுகளையும் ஒரு பெட்டியில் போட்டுப் பத்திரமாக வையுங்கள். வண்டியை விற்கும் நாளில் அதற்கு மதிப்பு உண்டு. எந்த வேலையையும் தொடங்கும் முன் சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேட்டுப் பதில் பெற்றுக்கொள்வது நல்லது.

வேலை முடிந்த அன்று இரவே இன்னொரு சோதனையும் செய்துவிடுங்கள். வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் விட்டு, பேட்டரி வயரில் நேர்மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். அதற்கு மேல் காட்டினால் புதிய ஆம்ப் அல்லது டி.எஸ்.பி. அணையாமல் விழித்திருக்கிறது என்று பொருள். ஆம்ப்பை விழிக்கவைக்கும் ரிமோட் வயரை, சாவியை எடுத்ததும் மின்சாரம் நிற்கும் ஃபியூஸுக்கு மாற்றும்படி அதே கடைக்காரரிடம் மறுநாளே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துங்கள்.